அயலாரின் உழைப்பு, ஊராரின் கணக்கு

கொச்சியின் மட்டாஞ்சேரியில் வெளிநாட்டுக்காரரை யாரும் நின்று வேடிக்கை பார்ப்பதில்லை. 1341-ல் பெரியாற்று வெள்ளம் முசிறியைத் தூர்த்துக் கொச்சியின் முகத்துவாரத்தைத் திறந்துவிட்டது என்று சொல்வார்கள். அன்று முதல் மிளகுக்கும் இஞ்சிக்கும் ஏலத்துக்கும் கடல் கடந்து வந்தவர்களால் ஆன ஊர் அது. வாங்க வந்தவர், விற்க வந்தவர், அடைக்கலம் தேடி வந்தவர், பீரங்கியோடு வந்தவர் என்று எல்லா வகையினரையும் அது பார்த்திருக்கிறது. கடந்த நூறாண்டுகளில் இன்னொரு வகை அயலார் உலகில் உருவாகியிருக்கிறார். அவர் இரண்டு மூன்று வாரங்களுக்கு வருகிறார். கூலி வாங்காமல் மண் வெட்டுகிறார், பள்ளிச் சுவருக்கு வண்ணம் பூசுகிறார், கடற்கரைக் குப்பையை அள்ளுகிறார். பிறகு தன் ஊருக்குத் திரும்பிவிடுகிறார். பல நாடுகளைச் சேர்ந்த பத்து இருபது பேர் ஒன்றாகத் தங்குவார்கள். வழிச்செலவு அவரவருடையது, தங்க இடமும் சோறும் அழைத்த அமைப்பின் பொறுப்பு. சர்வதேசப் பணி முகாம்களின் பொதுவான ஏற்பாடு இதுதான். இவற்றைப் பற்றிய விவாதம் எப்போதும் ஒரே கேள்வியில் போய் நிற்கிறது: இரண்டு வாரத்தில் ஒருவர் என்ன செய்துவிட முடியும்? இந்தக் கேள்வி நம்மைத் தவறான பக்கம் திருப்புகிறது என்பது என் எண்ணம். அயலார் எத்தனை நாள் தங்கினார் என்பதைவிட, செய்த வேலைக்கு யாரிடம் கணக்குச் சொன்னார் என்பதே அந்த வேலையின் தரத்தை முடிவு செய்திருக்கிறது. இதற்குச் சான்று தேட வெகுதூரம் போக வேண்டியதில்லை. இந்தியாவின் முதல் சர்வதேசப் பணி முகாமும் கொச்சியின் எழுபது ஆண்டு வரலாறுமே போதும்.

இந்த முகாம்களைத் தொடங்கியவர்களுக்கு ஊர் முன்னேற்றம் முதல் நோக்கமாக இருக்கவில்லை. பியேர் செரெசோல் சுவிட்சர்லாந்துப் பொறியாளர். அவருடைய தந்தை அந்த நாட்டின் குடியரசுத் தலைவராக இருந்தவர். முதல் உலகப் போரின் நடுவே, 1917-ல், இராணுவ வரி கட்ட மாட்டேன் என்று மறுத்துச் சிறைக்குப் போனார் செரெசோல். போரை எதிர்ப்பவன் கோழை என்ற பழிச்சொல்லுக்கு அவர் பேச்சால் பதில் சொல்ல விரும்பவில்லை. சிப்பாய்க்கு உள்ள கட்டுப்பாடும் உடலுழைப்பும் உயிர்த்துணிவும் ஆயுதமில்லாத ஒரு பணியிலும் இருக்க முடியும் என்று செய்து காட்ட நினைத்தார். 1920-ன் இறுதியில், வெர்டன் போர்க்களத்துக்கு அருகே குண்டுகளால் சிதைந்துபோன எஸ்ன் என்ற பிரெஞ்சுக் கிராமத்தில், சில நாடுகளைச் சேர்ந்த ஒரு சிறு குழு வீடுகளையும் பாதைகளையும் சீர்செய்ய இறங்கியது. குழுவில் ஜெர்மானியரும் இருந்தார்கள். நேற்றுவரை அந்த மண்ணில் குண்டு போட்ட நாட்டுக்காரர்கள் இன்று கல் சுமப்பதுதான் அந்த முகாமின் உயிர்நாடி. சில மாதங்களில் அது முடிந்துபோனதற்கும் ஜெர்மானியரின் இருப்பே காரணமாயிற்று. தங்கள் பிள்ளைகளைப் புதைத்த மண்ணில் பகைநாட்டானை ஏற்பதற்கு அதிகாரிகள் தயாராக இல்லை. குழுவின் நோக்கம் உயர்ந்தது. ஆனால் தன் பெயரால் நடக்கும் சமரசத்துக்கு அந்த மண் இன்னும் சம்மதித்திருக்கவில்லை. செரெசோல் இதை மறக்கவில்லை என்று அவருடைய பிற்காலப் பணிகளைப் பார்த்தால் தெரிகிறது. 1927-ல் ரைன் நதி வெள்ளம் லிக்டன்ஸ்டைன் நாட்டின் வயல்களை மூடியது; அடுத்த ஆண்டு ஏறத்தாழ 700 தொண்டர்கள் அங்கே திரண்டு மண்ணையும் கல்லையும் அகற்றினார்கள். ஒரு பேரிடர், அதைச் சந்தித்த மக்களின் அழைப்பு, அளந்து சொல்லக்கூடிய ஒரு வேலை என்ற மூன்றும் அங்கே சேர்ந்திருந்தன.

1934 ஜனவரி 15 அன்று பிற்பகலில் பீகாரும் நேபாளமும் குலுங்கின. பீகாரில் மட்டும் ஏழாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். காந்தி அப்போது தீண்டாமை ஒழிப்புப் பயணத்தில் மலபாரில் இருந்தார். அடுத்த சில நாட்களில் கொச்சி சமஸ்தானத்தையும் திருவிதாங்கூரையும் கடந்து தமிழ்நாட்டுக்குள் வந்தவர், 24-ம் தேதி திருநெல்வேலியில் பேசும்போது, தீண்டாமை என்னும் பாவத்துக்குக் கிடைத்த தண்டனையே இந்த நிலநடுக்கம் என்றார். தாகூர் அதைக் கடுமையாக மறுத்து எழுத, காந்தி அந்த மறுப்பைத் தம் ‘ஹரிஜன்’ இதழிலேயே வெளியிட்டார். அந்த வாதம் பாடப்புத்தகம் வரை போயிருக்கிறது. அதே வாரங்களில் தொடங்கிய நிவாரண வேலையின் அமைப்பு அந்த அளவுக்குக் கவனம் பெறவில்லை. நிலநடுக்கத்துக்கு இரண்டு நாள் கழித்துச் சிறையிலிருந்து விடுதலையான ராஜேந்திர பிரசாத், பீகார் மத்திய நிவாரணக் குழுவைக் கட்டினார். நாடெங்கிலுமிருந்து பணம் குவிந்தது. குவிந்த பணத்துக்குக் கணக்கு வைக்க ஒருவர் தேவைப்பட்டார். அந்தப் பொறுப்பு தஞ்சாவூரில் பிறந்த ஜே.சி. குமரப்பாவிடம் வந்தது.

குமரப்பா லண்டனில் தணிக்கைத் தொழில் கற்றவர். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பொருளாதாரம் படித்தவர். பீகாரில் அவர் வகுத்த விதிகள் எளிமையானவை, ஆனால் யாருக்கும் வளையாதவை. ஒரு தொண்டரின் ஒரு நாள் சாப்பாட்டுக்கு மூன்று அணாவுக்கு மேல் நிவாரண நிதியிலிருந்து எடுக்கக் கூடாது. குழுக் கூட்டத்துக்காக காந்தி தம் பரிவாரத்தோடு பாட்னாவுக்கு வந்தபோது, அவர்களுடைய உணவுச் செலவை இந்த நிதியிலிருந்து தர இயலாது, வேறு வழி பார்த்துக்கொள்ளுங்கள் என்று காந்தியின் செயலாளர் மகாதேவ தேசாயிடம் சொல்லிவிட்டார். குமரப்பாவைப் பற்றி எழுதியவர்கள் தவறாமல் குறிப்பிடும் நிகழ்ச்சி இது. காந்தி அதை மறுபேச்சின்றி ஏற்றுக்கொண்டார். இதைக் குமரப்பாவின் கறார்த்தனத்துக்கு உதாரணமாக மட்டும் சொல்லி முடித்துவிடுகிறார்கள். எனக்கு இதில் தெரிவது வேறு. தொண்டு செய்ய வந்தவரும் செலவு வைப்பவர்தான், அந்தச் செலவு துயரப்பட்டவரின் பங்கிலிருந்துதான் போகிறது என்ற உணர்வு அந்த மூன்று அணாவில் இருக்கிறது. நாட்டின் ஆகப்பெரிய தலைவரையே அந்த விதி கட்டுப்படுத்தியது என்றால், வெளியிலிருந்து வந்த வேறு யாரும் அதற்கு விலக்குக் கேட்டிருக்க முடியாது.

செரெசோல் வந்து சேர்ந்தது இப்படிப்பட்ட ஓர் ஏற்பாட்டின் பக்கத்தில்தான். 1931 டிசம்பரில் பிரெஞ்சு எழுத்தாளர் ரோமன் ரோலனைச் சந்திக்க காந்தி சுவிட்சர்லாந்துக்குப் போனபோதே இருவருக்கும் அறிமுகம் ஏற்பட்டிருந்தது. பீகார் செய்தி கேட்டதும் ஆட்களைத் திரட்டிக்கொண்டு அவர் கப்பலேறவில்லை. முதலில் தாம் வந்து நிலைமையைப் பார்த்தார்; ராஜேந்திர பிரசாத்தோடும் அரசு அதிகாரிகளோடும் பேசினார்; திரும்பிப் போய் ஒரு சிலரை மட்டும் அழைத்து வந்தார். கைவிரலில் எண்ணிவிடக்கூடிய அந்த ஐரோப்பியர்கள், 1937 வரை விட்டு விட்டு, முசாபர்பூர்ப் பக்கத்துக் கிராமங்களில் வேலை செய்தார்கள். நிலநடுக்கம் அங்கே வீடுகளை மட்டும் இடிக்கவில்லை. பூமி பிளந்து மணலை வயலெங்கும் கக்கியிருந்தது. நிலமட்டமே மாறிப்போனதால் முன்பு தண்ணீர் வராத இடங்களில் வெள்ளம் நின்றது. விழுந்த வீட்டை அதே இடத்தில் எழுப்பினால் அடுத்த மழையில் அது மறுபடியும் மூழ்கும். ஊரையே மேட்டு நிலத்துக்கு நகர்த்த வேண்டும் என்ற நிலை. நிலம் எடுக்க அரசு வேண்டும், மக்களின் நம்பிக்கைக்குக் காங்கிரஸ் தொண்டர் வேண்டும், குடும்பங்களை எந்த வரிசையில் குடியமர்த்துவது என்று முடிவு செய்ய ஊரார் வேண்டும். சட்டமறுப்புக்குப் பிறகு அரசும் காங்கிரசும் முகம் கொடுத்துப் பேசாத காலம் அது. இரண்டு பக்கமும் போய்ப் பேசக்கூடியவர்களாக இந்த அயலார் இருந்தது அவர்கள் சுமந்த செங்கல்லைவிடப் பெரிய உதவி. இப்படி எழுந்த புதிய ஊர்களில் ஒன்றுக்குச் சாந்திபூர் என்று பெயர்.

நான் இந்த வரலாற்றில் அழுத்திச் சொல்ல விரும்புவது, பீகாரில் வெற்றி கிடைத்ததற்குக் காரணம் செரெசோலின் தியாகம் மட்டுமன்று என்பதே. அவர் வருவதற்கு முன்பே அங்கே ஓர் அமைப்பு இருந்தது. அதற்குத் தலைவர் இருந்தார். அதன் பணத்துக்குத் தணிக்கையாளர் இருந்தார். செரெசோல் போன பிறகும் அந்த ஊர்கள் இருக்கப்போகின்றன. அந்த ஏற்பாட்டின் ஓரத்தில் தம்மைப் பொருத்திக்கொள்ளும் பணிவு அவருக்கு இருந்தது.

நாட்களை நீட்டினால் எல்லாம் சரியாகிவிடும் என்று வாதிடுவோர் கொச்சிக்கு வந்து நார்வேத் திட்டத்தின் கதையைப் படிக்க வேண்டும். அது தொண்டர் முகாம் அல்ல, அரசுத் திட்டம். ஆனால் நார்வே மக்கள் போருக்குப் பிறகு நல்லெண்ணத்தோடு சேர்த்த பணம் அதன் பின்னால் இருந்தது. 1952 அக்டோபரில் ஐ.நா., நார்வே, இந்தியா மூன்றும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தின்படி கொல்லம் அருகே நீண்டகரை, சக்திகுளங்கரை மீனவ ஊர்களில் வேலை தொடங்கியது. 1963-ல் அதன் தலைமையிடம் எர்ணாகுளத்துக்கு மாறியது. 1972 வரை, ஏறத்தாழ இருபது ஆண்டுகள், நார்வேக்காரர்கள் இங்கே இருந்தார்கள். மருத்துவ நிலையம் வந்தது, குடிநீர் வந்தது, பனிக்கட்டி ஆலை வந்தது. இவை மீனவக் குடும்பங்களுக்குச் செய்த நன்மையைக் குறைத்துச் சொல்வது நியாயமாகாது. ஆனால் கட்டுமரத்துக்கும் வள்ளத்துக்கும் பதிலாக வந்த இயந்திரப் படகும் இழுவை வலையும், அமெரிக்காவுக்கு ஏற்றுமதியான உறைந்த இறாலும் சேர்ந்து கடலின் கணக்கையே மாற்றின. படகு வாங்க முடிந்தவர் ஒரு பக்கம், முடியாத பெரும்பான்மையோர் இன்னொரு பக்கம் என்று கரை பிளந்தது. மீனவர் அல்லாத முதலாளிகள் கடலுக்குள் வந்தார்கள். 1980-களில் பாரம்பரிய மீனவர்கள் உண்ணாவிரதமும் மறியலும் நடத்திய பிறகே, 1988-ல், கேரள அரசு பருவமழைக் காலத்தில் இழுவைப் படகுகளுக்குத் தடை விதித்தது. இருபது ஆண்டு தங்கியவர்கள், மொழி கற்றவர்கள், நிபுணர்கள், நேர்மையானவர்கள் சேர்ந்து செய்த வேலையின் விளைவுகளில் இதுவும் ஒன்று. ஒப்பந்தத்தில் மூன்று கையெழுத்து இருந்தன. அவற்றில் ஒன்றுகூட நீண்டகரை மீனவருடையது அல்ல. அவர்கள் பயனாளிகளாக இருந்தார்கள், கணக்குக் கேட்கும் இடத்தில் இல்லை.

நாட்கள் குறைந்தால் வேலை கெட்டுப்போகும் என்போருக்கும் இதே எர்ணாகுளம் மாவட்டம் பதில் வைத்திருக்கிறது. 1989 ஜனவரியில் தொடங்கி ஓராண்டுக்குள் முடிந்த எழுத்தறிவு இயக்கத்தில், மக்கள் அறிவியல் அமைப்பான கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத்தும் மாவட்ட நிர்வாகமும் சேர்ந்து ஏறத்தாழ 20,000 பேரைக் கூலியில்லாமல் ஆசிரியர்களாக்கின. துறைமுகத் தொழிலாளர் குடியிருப்புகளிலும் மீனவர் குப்பங்களிலும் தீவுகளிலும் மாலை வேளைகளில் வகுப்புகள் நடந்தன. 1990 பிப்ரவரி 4 அன்று, இந்தியாவிலேயே முழு எழுத்தறிவு பெற்ற முதல் மாவட்டமாக எர்ணாகுளம் அறிவிக்கப்பட்டது. அடுத்த ஆண்டு கேரளம் முழுவதும் அந்த நிலையை எட்டியது. கற்பித்தவர் பெரும்பாலும் அதே தெருவில் வசித்தவர். தம் மாணவர் கடிதம் எழுதப் பழகவில்லை என்றால் மறுநாள் கடைவாசலில் அவர் முகத்தைப் பார்த்துத்தான் ஆக வேண்டும். அதைவிட நெருக்கமான தணிக்கை எதுவும் கிடையாது. இயக்கம் முடிந்த பிறகு புதிதாகப் படித்தவர்களில் பலர், தொடர்ந்து வாசிக்க வழியில்லாமல் கற்றதை நழுவவிட்டார்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அதற்காகவே தொடர்கல்வி மையங்கள் பின்னால் வந்தன. அந்தக் குறையைக் கண்டுபிடித்ததும் திருத்த முயன்றதும் இங்கேயே இருந்தவர்கள். குறுகிய கால வேலையின் எச்சங்களைப் பொறுப்பேற்க ஆள் இருந்தால் அது குறையோடு நின்றுவிடாது.

மட்டாஞ்சேரியில் கூலியில்லா உழைப்பைப் பற்றிப் பேசும்போது எழ வேண்டிய மிக வலுவான மறுப்பு வேறொன்று. அது கூலியைப் பற்றியது. இந்த ஊரின் பழைய தொழிலாளிக்கு வேலை என்பது இரந்து பெற்ற ஒன்று. கப்பல் வந்த நாளில் விடிவதற்கு முன்பே நூற்றுக்கணக்கானோர் துறைமுக வாசலில் கூடுவார்கள். ஒப்பந்தக்காரரின் ஆளான மூப்பன், ‘சாப்பா’ எனப்படும் உலோக வில்லைகளைக் கூட்டத்துக்குள் வீசுவான். ஒருவரையொருவர் தள்ளி மிதித்துக்கொண்டு வில்லையைப் பிடித்தவனுக்கு அன்று வேலை. பிடிக்காதவன் வீட்டில் அடுப்பு எரியாது. மனிதரை மனிதருக்கு எதிராக ஏவிவிடும் இந்த வழக்கத்துக்கு எதிராக 1953-ல் கொச்சித் துறைமுகத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். இரண்டரை மாதம் நீண்ட அந்தப் போராட்டத்தில் செப்டம்பர் 15 அன்று மட்டாஞ்சேரியில் போலீஸ் சுட்டது. சையது, சைதலவி என்ற இரு தொழிலாளர்கள் குண்டுக்குப் பலியானார்கள். ஆன்டனி என்ற இன்னொரு தொழிலாளி காவலில் அடிபட்டு மாண்டார். சாப்பா முறை ஒழிய அதன் பிறகும் சில ஆண்டுகள் ஆயின. ராஜீவ் ரவியின் ‘துறமுகம்’ படம் 2023-ல் வெளிவந்ததும் இந்த வரலாற்றை ஒரு புதிய தலைமுறை தெரிந்துகொண்டது. அந்தப் போராட்டத்துக்குப் பிறகு, 1978-ல், சுமைத் தொழிலாளர் சட்டம் வந்தது. செய்யாத வேலைக்குக் கூலி கேட்கும் ‘நோக்குக் கூலி’ என்ற சீர்கேடும் அதன் நிழலில் வளர்ந்தது. அரசு 2018 மே 1 முதல் அதை ஒழிப்பதாக அறிவிக்க வேண்டியிருந்தது. இந்தச் சீர்கேட்டைக் காட்டி 1953-ஐ மறைப்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ஒரு நாள் வேலைக்காக மிதிபட்டவர்களின் பேரப்பிள்ளைகள் வாழும் தெருவில், பணம் செலவழித்து வந்து இலவசமாக உழைக்கும் ஒருவர் என்ன பொருள் தருகிறார் என்று கேட்டே ஆக வேண்டும்.

இந்தக் கேள்வி வெறும் வரலாற்று மரியாதை அல்ல. இன்றைய கணக்கிலும் அது இருக்கிறது. 2023 மார்ச்சில் பிரம்மபுரம் குப்பைமேடு பற்றி எரிந்து கொச்சி நகரமே பல நாள் புகையில் மூச்சுத் திணறியது. அதன் பிறகு வீடு வீடாகப் போய் நெகிழிக் கழிவைப் பிரித்து வாங்கும் ஹரித கர்ம சேனைப் பெண்களின் வேலை எவ்வளவு அடிப்படையானது என்பது எல்லோருக்கும் புரிந்தது. கேரளப் பெண்களின் சுயஉதவி அமைப்பான குடும்பஸ்ரீ வழியாக அமைந்த அந்தச் சேனையின் வருமானம், வீடுகள் மாதந்தோறும் தரும் கட்டணத்தில் இருக்கிறது. மட்டாஞ்சேரிக்கும் ஃபோர்ட் கொச்சிக்கும் நடுவே ஓடும் கால்வத்திக் கால்வாயில் ஒரு வெளிநாட்டுக் குழு இறங்கிப் பத்து நாள் குப்பை அள்ளினால், செய்தித்தாளில் படம் வரும். பதினோராம் நாள் குப்பை மறுபடி வரும். இடையில், குப்பை அள்ளுவது ஊதியம் தேவையில்லாத புண்ணிய காரியம் என்ற எண்ணம் ஊரில் ஓர் அங்குலம் கூடியிருக்கும். அந்த அங்குலத்தின் விலையைக் கட்டணம் கேட்டுக் கதவைத் தட்டும் பெண்தான் கொடுக்கிறாள். ஆகவே, அந்த வார்டில் யாராவது கூலி வாங்கிச் செய்கிற, அல்லது கூலி கொடுத்துச் செய்விக்க வேண்டிய எந்த வேலையையும் பணி முகாம் தொடக் கூடாது என்பதை நான் முதல் விதியாக வைப்பேன். மீதி என்ன இருக்கும் என்று கேட்கலாம். நிறைய இருக்கிறது. ஆவணப்படுத்தல், கால்வாய்க் கரைகளின் அளவெடுப்பு, பொது நூலகப் பட்டியல், பள்ளித் தோட்டம், யாருக்கும் ஒப்பந்தம் விடப்படாத சதுப்புநிலக் கன்று நடவு என்று உழைப்பு குறைவதால் நின்றுபோன காரியங்கள் எந்த ஊரிலும் உண்டு.

கூலியும் தொண்டும் ஒன்றையொன்று அழிக்க வேண்டியதில்லை என்பதற்கு 2018 ஆகஸ்ட் வெள்ளம் சாட்சி. கேரளக் கடற்கரையிலிருந்து நான்காயிரத்துக்கும் மேற்பட்ட மீனவர்கள், அறுநூறுக்கும் மேற்பட்ட படகுகளை லாரிகளில் ஏற்றிக்கொண்டு உள்நாட்டு ஊர்களுக்குப் போய், கூரைமேல் நின்றவர்களை மீட்டார்கள். படகுக்கு நாளொன்றுக்கு 3,000 ரூபாய் வீதம் தருவதாக முதலமைச்சர் அறிவித்தார். ஃபோர்ட் கொச்சியைச் சேர்ந்த இளம் மீனவர் ஒருவர் பொதுவெளியில் அதற்குப் பதில் சொன்னார்: உடன்பிறந்தவரைக் காப்பாற்றியதற்குக் கூலி வேண்டாம், ஆனால் உடைந்த படகுகளைச் சரிசெய்து தந்தால் ஏற்போம், ஏனென்றால் அது எங்கள் பிழைப்பு. அவர் அரசின் மரியாதையை மறுக்கவில்லை, தம் தொழிலின் மதிப்பையும் விட்டுக்கொடுக்கவில்லை. எதைக் கொடையாகத் தருகிறோம், எதைக் கொடையாகக் கேட்கக் கூடாது என்ற எல்லைக்கோடு அந்த இரண்டு வாக்கியங்களில் தெளிவாக இருக்கிறது. எந்தப் பணி முகாமின் விதிப்புத்தகத்திலும் இதைவிடத் தெளிவான வரையறையை எழுதிவிட முடியாது.

இன்னொரு மறுப்பு, உதவி செய்ய வருகிறேன் என்ற எண்ணமே குற்றம் என்பது. 1968-ல் மெக்சிகோவில் கோடை விடுமுறைத் தொண்டுக்கு வந்த அமெரிக்க மாணவர்களிடம் சிந்தனையாளர் இவான் இல்லிச் இதை முகத்துக்கு நேரே சொன்னார். பார்க்க வாருங்கள், கற்க வாருங்கள், உதவ மட்டும் வராதீர்கள் என்பது அவர் பேச்சின் சாரம். அதில் பொருளாதார வாதமும் மறைந்திருக்கிறது. ஐரோப்பாவிலிருந்து வந்து போகும் ஒரு விமானச் சீட்டின் பணத்தில் உள்ளூர்க் கொத்தனார் ஒருவருக்குப் பல வாரக் கூலி கொடுக்கலாம். அவர் கட்டும் சுவர் நேராகவும் இருக்கும். இதை மறுக்க முடியாது, மறுக்கவும் வேண்டாம். சுவருக்காக அயலாரை அழைப்பது வீண்தான். குழந்தைகள் விஷயத்தில் வீண் என்பதோடு நில்லாமல் தீங்காகவும் ஆகிறது. இரண்டு வாரம் கொஞ்சிவிட்டுப் போகிறவர்கள் வரிசையாக வந்துகொண்டே இருந்தால் காப்பகத்துப் பிள்ளைக்குப் பிரிவே பழக்கமாகிவிடும். பார்வையாளரின் பணத்துக்காகவே பிள்ளைகளைக் காப்பகத்தில் சேர்க்கும் கொடுமை பல நாடுகளில் நடந்ததைக் கண்டு, ஆஸ்திரேலியா 2018-ல் கொண்டுவந்த நவீன அடிமைமுறைச் சட்டத்தின்போது இதையும் கணக்கில் எடுத்தது. நாட்களின் எண்ணிக்கை முக்கியமல்ல என்று தொடக்கத்தில் சொன்னதற்கு இங்கே ஒரு விலக்கு வைக்கிறேன். வேலை மண்ணோடும் கல்லோடும் என்றால் குறுகிய காலம் குற்றமில்லை. ஒரு குழந்தையின் பாசத்தோடு என்றால் அது குற்றம்.

ஆனால் இல்லிச்சின் வாதம் செரெசோலின் முதல் நோக்கத்தைத் தொடவில்லை. எஸ்ன் கிராமத்தில் ஜெர்மானியர் கல் சுமந்தது பிரான்சில் கொத்தனார் இல்லை என்பதால் அல்ல. பகைத்தவர்கள், அல்லது பழகவே வாய்ப்பில்லாதவர்கள், ஒரே மண்வெட்டியை மாற்றி மாற்றிப் பிடிப்பதுதான் அங்கே விளைச்சல். இந்த விளைச்சலுக்குக் கடவுச்சீட்டு தேவை என்பதுகூட இல்லை. இலங்கையில் 1958-ல் ஏ.டி. ஆரியரத்ன தம் நாலந்தாக் கல்லூரி மாணவர்களை கனத்தொலுவ என்ற கிராமத்துக்கு அழைத்துப் போய் முதல் சிரமதான முகாமை நடத்தினார். அது ஒதுக்கப்பட்ட ரொடியா சாதியாரின் ஊர். கொழும்புப் பள்ளிப் பிள்ளைகளுக்கு அந்த ஊர் ஐரோப்பாவைவிடத் தூரத்தில் இருந்தது. சர்வோதய இயக்கம் அந்த இரண்டு வார முகாமிலிருந்துதான் வளர்ந்தது. ஆனால் முகாம்களின் எண்ணிக்கையால் வளரவில்லை, ஒவ்வோர் ஊரிலும் பின்னால் அமைந்த சங்கங்களால் வளர்ந்தது. இந்தியாவில் 1969-ல் தொடங்கிய நாட்டு நலப்பணித் திட்டத்தின் ஏழு நாள் முகாம்களுக்கும் இந்த வாய்ப்பு இருக்கிறது. பல கல்லூரிகளில் அது சான்றிதழுக்கான சடங்காகத் தேய்ந்துவிட்டது வருத்தத்துக்குரியது.

இந்தக் கண்ணோட்டத்தில் மட்டாஞ்சேரியைப் பார்த்தால் அங்கே செய்ய வேண்டியது தெரிகிறது. 1568-ல் எழுந்த பரதேசி யூதர் தொழுகைக்கூடம் கொச்சி மன்னரின் அரண்மனையை ஒட்டிய நிலத்தில் நிற்கிறது. கோவாவிலிருந்து போர்த்துகீசியருக்கு அஞ்சி வந்த கொங்கணியரின் திருமலைக் கோயில் சற்றுத் தள்ளி இருக்கிறது. கச்சி மேமன்கள், குஜராத்தி வணிகர்கள், டச்சுக்காரர் காலத்தில் படைவீரரின் துணி வெளுக்கத் தமிழ்நாட்டிலிருந்து வந்ததாகச் சொல்லப்படும் வண்ணார் குடும்பங்கள் என்று எல்லோரும் சில சதுர மைல்களுக்குள் வாழ்கிறார்கள். இவர்கள் அக்கம்பக்கத்தில் அமைதியாக வாழ்ந்தார்கள், சந்தையில் கலந்தார்கள் என்பது உண்மை. ஒவ்வொருவருக்கும் தனிப் பள்ளி, தனிச் சங்கம், தனிக் கிணறு இருந்ததும் உண்மைதான். வந்தவருக்கு இடம் கொடுத்த மன்னர் ஒவ்வொருவரோடும் தனித்தனியே ஏற்பாடு செய்துகொண்டார். அவர்கள் ஒருவரோடொருவர் செய்துகொள்ள வேண்டிய ஏற்பாடு பெரும்பாலும் வணிகத்தோடு நின்றுவிட்டது. வில்லிங்டன் தீவுக்குக் கப்பல்கள் போய், பிறகு 2011-ல் வல்லார்பாடம் கொள்கலன் முனையமும் வந்து, மட்டாஞ்சேரிக் கிடங்குகளின் வணிகம் சுருங்கிய பின் அந்த ஒரு சந்திப்பு இடமும் குறைந்துகொண்டு வருகிறது. 2012 முதல் பியனாலே கலைவிழா சில பழைய கிடங்குகளைத் திறந்து வெளியூர் இளைஞர்களை உள்ளே கொண்டுவந்திருக்கிறது. ஒரு பணி முகாமில் பாதிப் பேர் வெளிநாட்டவர் என்றால் மறுபாதி இந்தத் தெருக்களின் பிள்ளைகளாக இருக்க வேண்டும். அதிலும் ஒரே சங்கத்தைச் சேர்ந்தவர்களாக இருக்கக் கூடாது. நார்வேக்காரருக்கும் கொரியாக்காரருக்கும் வேலை விளக்கும் சாக்கில், கொங்கணிப் பையனும் வண்ணார் வீட்டுப் பெண்ணும் முதன்முறையாக ஒரே திட்டத்துக்குப் பொறுப்பேற்பார்கள் என்றால் விமானச் சீட்டின் விலைக்கு ஒரு நியாயம் பிறக்கிறது. இங்கிருந்தும் சிலர் அங்கே போக வழி இருக்க வேண்டும். 1950-ல் பரீதாபாத் அகதிகள் நடுவே செரெசோல் தொடங்கிய தொண்டர் அமைப்பு மீண்டும் இந்தியாவில் வேலை தொடங்கிய பின், இந்தியத் தொண்டர்கள் ஐரோப்பிய முகாம்களுக்குப் போனார்கள். ஒருவழிப் பாதையாக இருக்கும்வரை விருந்தாளி விருந்தாளியாகவும், ஊரார் காட்சிப்பொருளாகவும்தான் இருப்பார்கள்.

இவற்றையெல்லாம் யார் உறுதி செய்வது? அனுப்பும் அமைப்பின் தலைமையகம் ஒரு கண்டத்தில், நடத்தும் அமைப்பின் அலுவலகம் இன்னொரு நகரத்தில் என்றிருக்கும்போது, முகாமுக்கு வந்தவர் நிரப்பும் கருத்துப் படிவம்தான் இன்று ஒரே தணிக்கை. சாப்பாடு எப்படி, படுக்கை எப்படி, அனுபவம் எப்படி என்று அதில் கேட்கிறார்கள். ஊராரிடம் படிவம் நீட்டுவதில்லை. கேரளத்தில் இதற்கு வேறு வழி இருக்கிறது. 1996-ல் தொடங்கிய மக்கள் திட்ட இயக்கத்துக்குப் பிறகு, உள்ளூர்த் திட்டத்தையும் செலவையும் பொதுவில் படித்துக் கேள்வி கேட்பது இங்கே பழகிய நடைமுறை. மட்டாஞ்சேரியில் முகாம் நடத்த விரும்பும் அமைப்பு, ஆள் சேர்க்கும் முன்பே வார்டுக் குழுவின் முன் வர வேண்டும். வேலையை அவர்கள் சொல்ல வேண்டும். ஒவ்வொரு தொண்டரிடமும் வாங்கிய கட்டணம் எவ்வளவு, அதில் இந்த ஊரில் செலவானது எவ்வளவு, ஒருவருடைய ஒரு நாள் சாப்பாட்டுக்கு எவ்வளவு என்ற கணக்கு, கடைசி நாள் கலைநிகழ்ச்சிக்கு முன்னால் அதே குழுவின் முன் மலையாளத்தில் வாசிக்கப்பட வேண்டும். முடியாமல் விட்டது என்ன என்பதும் அதே தாளில் இருக்க வேண்டும். முகாம் கலைந்த பிறகு அந்த மீதியைப் பார்த்துக்கொள்ளப் போகிறவர் யார் என்று, அந்த வார்டில் வீடு உள்ள ஒருவர் தம் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும்.